மேலறையில் இருந்த கோல்கீப்பர்

அன்று காலை, எங்கள் மேலறையில் தங்கியிருந்த ஆன்ட்ரிஸ் பயிற்சிக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டான். நான் குசினியில் மகள் ஆரணிக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். முன்கதவு திறந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவேண்டிய சத்தம் கேட்கவில்லை. வழமையாக அவன் தன்னுடைய பெரிய பையைக் கூடத்தில் போடும்போது வீடே ஒருமுறை அதிரும்.

எட்டிப் பார்த்தேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான்.

"பூட்டிவிட்டார்கள்," என்றான். அவனுடைய ஆங்கிலம் குறைவு. எங்களோடு பேசும்போது இன்னும் குறைத்துக்கொள்வான். "கதவில் சங்கிலி. உள்ளே லைட் இல்லை. ஐஸ் உருகுது. வெளியில் நின்றாலே மணக்குது."

முன்னறையிலிருந்து என் மாமா, அதாவது கணவர் ரமணனின் அப்பா, குரல் கொடுத்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"ஐஸ் ரிங்கைப் பூட்டிப்போட்டாங்களாம் மாமா."

"ஆர் பூட்டினது?"

"தெரியாதாம்."

"அப்ப திறப்பு ஆரிட்டயாம் இருக்கு?"

அதை நான் ஆன்ட்ரிஸிடம் கேட்கவில்லை. அவன் பையோடு படியில் உட்கார்ந்துவிட்டான். ஆரணி அவனைக் கண்டதும் கஞ்சிக் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். கஞ்சி அவனுடைய கைமுட்டியில் வடிந்து காய்ந்தது.

ஒரு தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணி முடிந்துபோன செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். அந்த அணி இரண்டு குளிர்காலங்களைக்கூட முழுதாகக் காணவில்லை.

இதை எழுதலாமா என்று ரமணனிடம் கேட்டேன். "உம்மட விருப்பம்" என்றார். அது எனக்கு உதவாத பதில். பிறகு மாமாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் ரிவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எழுது. என்ர பேரைப் போடாத."

போடவில்லை.

நாரை

குறொய்டன் பக்கம், கார்ப்பெட் கடை ஒன்றுக்குப் பின்னால், பழைய ஐஸ் ரிங்க் ஒன்று இருந்தது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாடகைக்கு விடுவார்கள். காணி வாங்கி விற்கும் ஒருவர் அதை வாங்கினார். தெற்கு லண்டனுக்கு ஒரு பெரிய அணி வரப்போகிறது என்று அறிவித்தார். சாம்பல் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நிற்பதுதான் அணியின் சின்னம். அதனால் எங்கள் வீட்டில் அது "நாரை அணி". அதன் ஆங்கிலப் பெயரை எழுதவேண்டாம் என்கிறார் ரமணன். கிளப் செத்தாலும் அதன் சட்டத்தரணிமார் சாகமாட்டார்களாம்.

முதல் மாட்சுக்கு நாங்கள் போனோம். ரெயில் ஸ்ரேசன் வாசலில் நின்று இலவச ரிக்கெற் கொடுத்தார்கள். இலவசம் என்றால் போகாமல் இருக்க எங்களால் ஏலாது. நான் அப்போது ஆரணியைச் சுமந்துகொண்டிருந்தேன். குளிர் வயிற்றுக்குக் கூடாதோ என்று பயந்து இரண்டு கம்பளி போட்டுக்கொண்டு போனேன். உள்ளே பொரித்த உருளைக்கிழங்கு, ஈர ரப்பர், ஏதோ ஒரு மருந்து என்று எல்லாம் கலந்த மணம். மண்டபம் நிறைந்த சனம். நாரை வேடம் போட்ட ஒருவர் நீண்ட சொண்டால் பிள்ளைகளின் தலையில் தட்டிக்கொண்டு திரிந்தார்.

இந்த விளையாட்டில் பந்து இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அது வரும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆட்கள் ஒருவரையொருவர் பலகைச் சுவரில் மோதும்போது என் வயிற்றுக்குள் ஆரணி துள்ளினாள். எழுந்து போவோமா என்று மனதுக்குள் பலமுறை கேட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தேன். எங்கள் பக்கம் வென்றது.

அந்த நெரிசலை அதற்குப் பிறகு நான் காணவில்லை. இலவச ரிக்கெற் நின்றதும் பாதிப்பேர் நின்றார்கள். இரண்டாவது குளிருக்குள் மிச்சம் இருந்தது வீரர்களின் காதலிமாரும், அவர்களைத் தங்கவைத்த எங்களைப் போன்ற வீட்டுக்காரரும்தான். நாரையின் சொண்டு உடைந்து, அதைப் பிளாஸ்ரரால் சுற்றியிருந்தார்கள். கூரை ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் ஐஸில் சின்னச் சின்ன மொக்குகளாய் உறைந்து, ஓடுகிறவர்களின் காலை வாரியது. வெளியூர் மாட்சுக்கு வந்துகொண்டிருந்த பஸ் வராமல் போனது. வீரர்கள் தங்கள் காரில் போனார்கள். பிறகு உரிமையாளரின் கார் வராமல் போனது. அதற்குப் பிறகுதான் சங்கிலி.

புட்டு

இப்படியான அணிகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களை ஹோட்டலில் வைப்பதில்லை. ரிங்குக்குக் கிட்ட இருக்கும் குடும்பங்களோடு தங்கவைப்பார்கள். கிளப் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கும். ஸ்ட்ரெதம் லைப்ரரியில் கைக்குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லும் வகுப்புக்கு, அணியைச் சேர்ந்த ஒரு பெண் துண்டுப்பிரசுரத்தோடு வந்தார். நான் மகப்பேற்று விடுமுறையில் இருந்தேன். மேலறை சும்மா இருந்தது. முன்பின் தெரியாத ஆணைப் பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் விடலாமா என்று ஒரு கிழமை நித்திரை இல்லை.

மாமாதான் முடிவு சொன்னார். "வீட்டில ஆக்கள் இருக்கிறது நல்லம் பிள்ளை. அறை சும்மா கிடந்தா பழுதாப்போம்."

வந்தவன் லத்வியாக்காரன். நெடிய, வெளிறிய பொடியன். எங்களைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றி, சுவரோரமாக நேராக வைத்தான். அதோடு என் பயத்தில் பாதி போய்விட்டது.

போன பாதியை அவனுடைய பை திருப்பிக் கொண்டுவந்தது. கோல்கீப்பரின் காலுறைகள் என்றால் காலில் போடும் துணி இல்லை. தலையணை மாதிரி, தொடைவரை வரும். அவற்றின் வியர்வை மணத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பின்பக்கக் கண்ணாடி அறையில், மாமாவின் மோர்மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் காயவைப்பான். மாமா பின்னேரம் சாம்பிராணி போடும்போது சாமிப்படத்துக்குக் காட்டிவிட்டு அந்தக் காலுறைகளுக்கும் காட்டுவார். ஆரணி தவழத் தொடங்கியதும் முதலில் போனது அவற்றுக்குள்தான்.

கோல்கீப்பர்மாருக்கு நம்பிக்கைகள் அதிகமாம். ஒரு நாள் மாட்சுக்குப் போகுமுன் வேறொன்றும் இல்லாமல் மாமாவின் புட்டைப் பாலும் சீனியும் போட்டுச் சாப்பிட்டான். அன்றைக்கு ஒரு கோலும் விடவில்லை. அதற்குப் பிறகு உள்ளூர் மாட்ச் நாளென்றால் புட்டுத்தான். மாமா மத்தியானமே மாவை எடுத்து வைத்துவிடுவார். என்னைக் குழைக்க விடமாட்டார்.

"நீ குழைச்சா கட்டியாப் போம். கட்டியைத் திண்டிட்டு அவன் எப்பிடிப் பாயுறது?"

மாமாவின் மாட்ச் உடுப்பு இரண்டு ஸ்வெற்றர், ஒரு மங்கிக் குல்லா, மடியில் போர்வை, கையில் பிளாஸ்கில் தேத்தண்ணி. கோலுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்குக் கிட்டத்தான் இருப்பார். "தம்பி, வலப்பக்கம்! வலப்பக்கம் பார்!" என்று தமிழில் கத்துவார். கண்ணாடியின் தடிப்பில் ஒன்றும் கேட்காது. மாட்ச் முடிந்து வெளியே வந்ததும் ஆன்ட்ரிஸ் தொடங்குவான்: "மாமா, இன்றைக்கு என்ன பிழை?" நான் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் "மாமா" என்றே கூப்பிட்டான்.

"லெஃப்ற் லெக் ஸ்லோ," என்பார் மாமா.

"மாமா, நீங்கள் ஸ்கேற் போட்டு நின்று பாருங்கள்."

"என்னைப் போடச் சொன்னா நான் நேர ஆஸ்பத்திரிக்குத்தான் ஸ்கேற் பண்ணுவன்."

நான் மொழிபெயர்ப்பேன். அவன் சிரிப்பான். அந்த இரண்டாவது குளிரில் அவன் சிரித்தது பெரும்பாலும் காரில் வீடு திரும்பும்போதுதான்.

மாமி சொன்ன உண்மை

இப்போது கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு மிக முந்திய கதை இது. ரமணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா சொன்னதில்லை.

மாமா இங்கே வந்தது கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு. பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்து இந்த வீட்டைப் பிடித்தார். அந்த நாட்களில் ஊரிலிருந்து வந்து இறங்கிய பொடியள் பலர் இதே மேலறையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். விசாப் பேப்பர் உள்ளவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை.

ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. மாமா வேலையில் நின்றார். ரமணனின் அம்மா, என் மாமி, திறந்தார். மாமி ஊரில் ரீச்சராக இருந்தவர், பொய் சொல்லத் தெரியாது. வந்த குடிவரவு அதிகாரிகள் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். "ஓம், இருக்கிறார். இருங்கோ, கூப்பிடுறன்" என்று உள்ளே விட்டு, அவர்களுக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தாராம். அவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதுவரை தகவல் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. அவனுடைய தாய் பல வருடம் மாமிக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாமி கடைசிவரை பதில் எழுதினார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் முன்கதவு மாமாவின் பொறுப்பு. ஆர் வந்து ஆரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். எனக்குக் கலியாணம் முடிந்த புதிதில், என் பெயருக்கு வந்த பார்சலைக்கூட "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

பந்துச் சத்தம்

ரிங்கைப் பூட்டியதும் கிளப் எடுத்துக் கொடுத்த போன் செத்துப்போனது. ஆன்ட்ரிஸ் புதிய சிம் வாங்கினான். அந்த இலக்கம் எங்களைத் தவிர அதிகம் பேருக்குத் தெரியாது. லத்வியாவில் இருந்த அவனுடைய ஏஜென்ட் இரண்டு தடவை பேசிவிட்டு எடுக்காமல் விட்டார். சீசன் நடுவில் வேறு அணிக்கு மாறுவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அது கிட்டக்கிட்ட வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் ரமணன் சொன்னார்: "கிளப்தானே ஸ்பொன்சர். கிளப் இல்லையெண்டா விசாவும் இல்லை."

மாமா ஆரணிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வந்து பிடிப்பினமோ?"

நான் ஏற்கனவே இன்ரநெற்றில் தேடி வாசித்திருந்தேன். விசாவைப் பார்க்கும் ஹோம் ஒஃபிஸ்காரர் உடனே ஒன்றும் செய்யமாட்டார்கள். கடிதம் வரும், அவகாசம் கொடுப்பார்கள், அதற்குள் புதிய கிளப் கிடைத்தால் அவன் இருக்கலாம். இதை நான் மேசையில் சொன்னேன். சொன்னது நிச்சயம். ஆனால் ஆன்ட்ரிஸும் இருந்ததால் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன். திருப்பித் தமிழில் சொன்னேனா? இன்றுவரை யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள் தோன்றாது.

அதற்குப் பிறகு மாமா முன்னறைத் திரையைப் பகலிலும் இழுத்து மூடத் தொடங்கினார். நான் கவனித்தேன். குளிருக்காக்கும் என்று நினைத்தேன்.

ஆன்ட்ரிஸுக்குப் பயிற்சி செய்ய இடம் இல்லை. பின்வளவில் கொட்டில் சுவரில் ரென்னிஸ் பந்தை எறிந்து, அது எகிறி வரும்போது இடக்கையால் பிடிப்பான். மழைத் தூறலிலும் செய்வான். டொக், டொக் என்று அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். ஆரணி அதைக் கேட்டுக்கொண்டே நித்திரையாவாள்.

அன்றும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். புகை இழுக்கும் ஃபான் இரைந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆன்ட்ரிஸின் முதுகு தெரிந்தது. பெல் அடித்தது கேட்டது. மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. அதைப் பிறகு மாமாவே சொன்னார்.

வந்தவர் கறுப்புக் கோட் போட்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையில் ஃபைல். வெளியே வெள்ளை வான் ஒன்று, அதற்குள் இன்னொருவர். அவர் ஆன்ட்ரிஸின் முழுப்பெயரையும், குடும்பப்பெயரோடு, எழுத்துக் கூட்டி வாசிப்பது போல் கேட்டார்.

"நோ," என்றார் மாமா. "ஹி கோன்."

எங்கே என்று கேட்டிருக்கிறார் வந்தவர்.

"ஸ்பெயின். லோங் டைம் கோன்."

பின்னால் டொக், டொக் என்று பந்து. அந்தச் சத்தம் தன்னுடைய நெஞ்சுக்குள் விழுந்தது மாதிரி இருந்ததாம் மாமாவுக்கு. வந்தவருக்கு அது கேட்கக்கூடாது என்று கடுமையாக இருமிக்கொண்டு, பேசும்போதே கதவைச் சாத்திவிட்டார்.

பிறகு மாமா குசினியைத் தாண்டிப் பின்வளவுக்கு ஓடினார். அவர் ஓடி நான் கண்டதில்லை. "இன்சைட்! தம்பி, இன்சைட்!" ஆன்ட்ரிஸ் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தான். மாமா பின்கதவையும் பூட்டினார்.

"ஆர் மாமா வந்தது?" என்று கேட்டேன்.

"பயப்பிடாத பிள்ளை. விசா ஆக்கள். அனுப்பிப்போட்டன்."

முகம் வியர்த்திருந்தது. ஆனால் அதில் ஒரு வெளிச்சமும் இருந்தது. நான் மீனைத் திருப்பிப் போட்டேன். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள் என்ற ஆறுதல்.

கோச்

சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. மாமா கோயிலுக்குப் போயிருந்தார். பெல் அடித்தபோது நான் ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்தேன். நாரை அணியின் கோச், ஸ்கொட்லாந்துக்காரர். ஊருக்குப் போகிறேன், நன்றி சொல்லிவிட்டுப் போகவே வந்தேன் என்றார். கையில் ஆரணிக்கு ஒரு பொம்மை நாரை.

படியில் இறங்கி வந்த ஆன்ட்ரிஸைக் கண்டதும் அவருடைய வாய் திறந்தபடி நின்றது.

"நீ ஸ்பெயினில் இல்லையா?"

கூடத்தில் நின்றபடியே எல்லாம் வெளியே வந்தது. வடக்கில் ஒரு நல்ல அணி. அவர்களுடைய கோல்கீப்பருக்கு முழங்கால் உடைந்துவிட்டது. கோச் ஆன்ட்ரிஸின் பெயரைக் கொடுத்து, போன் வேலை செய்யாததால் எங்கள் விலாசத்தையும் கொடுத்திருக்கிறார். மாறுவதற்கான கடைசி நாள், நான் மீன் பொரித்த அந்த நாள். அந்த அணியின் மனேஜர் ஒப்பந்தத்தோடு அந்த வெள்ளை வானில் நேரே இங்கே வந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டிருந்தால் விசா உட்பட எல்லாவற்றையும் அவர்களே பார்த்திருப்பார்கள்.

"கதவைத் திறந்த பெரியவர், நீ எப்போதோ ஸ்பெயினுக்குப் போய்விட்டாய் என்றாராம். அதனால் கிழக்கு லண்டனுக்குப் போய் நம்முடைய இரண்டாவது கோல்கீப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

ஆன்ட்ரிஸ் என்னைப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான். ஆரணி பொம்மையின் சொண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவில் திறப்புப் போடும் சத்தம். மாமா. நெற்றியில் திருநீறு, கையில் ரிசுப் பேப்பரில் சுற்றிய வடை. கோயிலில் கொடுக்கும் வடையில் ஒன்றை எப்போதும் ஆன்ட்ரிஸுக்குக் கொண்டுவருவார். அதை நீட்டிக்கொண்டே வந்தார்.

"மாமா," என்றேன். "அண்டைக்கு வந்தது ஹோம் ஒஃபிஸ் இல்லை."

"அப்ப?"

"ஹொக்கி கிளப் ஆக்கள். தம்பியை எடுக்க வந்தவையாம்."

மாமா கோச்சைப் பார்த்தார், ஆன்ட்ரிஸைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முதலில் கோபம்தான் வந்தது.

"அப்பிடியெண்டா கிளப் உடுப்போட வாறதுக்கென்ன? ஏன் கறுப்புக் கோட்டுப் போட்டவன்? விளையாட்டுக்காரன் ஃபைலோடயோ வாறவன்?"

மாமா வடையைப் படிக்கட்டுக் கைப்பிடியின் மேல் வைத்தார். அது சரிந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி," என்றார். "ஐ தோட் பொலிஸ்."

ஆன்ட்ரிஸ் தலையை ஆட்டினான். "ஓகே, மாமா," என்றான். அவருடைய தோளைத் தாண்டிக் கவனமாகக் காலை வைத்து, மேலே போனான். அறைக் கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு சில நாட்கள் அவன் எங்களோடு சாப்பிடவில்லை. மரியாதையாகத்தான் மறுத்தான். ஒரு நாள் நான் மேலறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மாமாவின் பழைய கதையை, மாமியையும் அந்தப் பொடியனையும் பற்றி, எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். முழுதாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"விளங்குது. ஆனால் நான் தோட்டத்தில்தான் நின்றேன். பின்கதவு திறந்துதான் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இப்போது ஆரணி வளர்ந்து வருகிறாள். அவளுக்காக நானும் ரமணனும் எடுக்கும் முடிவுகளுக்கு நடுவில் அந்த வார்த்தை வந்து நிற்கும். அவளிடம் கேட்டேனா? கேட்கிற வயதா? எந்த வயதில் கேட்கத் தொடங்கவேண்டும்?

"நீ வடிவா இங்கிலீசு கதைப்பாய்"

மாமா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார். "பிள்ளை, அந்த வடக்குக் கிளப்புக்கு போன் எடு. கிழவன் விசரில சொல்லிப்போட்டான், பொடியன் இஞ்சதான் நிக்கிறான் எண்டு சொல்லு. நீ வடிவா இங்கிலீசு கதைப்பாய்."

பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோச்சிடம் இலக்கம் வாங்கி எடுத்தேன். மாமா எனக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட அதிபர் முன் நிற்பது போல நின்றார்.

மனேஜர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பெரியவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை," என்றார். "அவ்வளவு உறுதியாகச் சொன்னார்." திகதி முடிந்துவிட்டது, இனித் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். வைக்கப்போகும்போது, நாகரிகத்துக்காக, "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னவாம்?"

"அவையளுக்கு ஆள் கிடைச்சிட்டுதாம் மாமா."

"நான் சொன்னதாலயோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை மாமா, அவையள் முதலே முடிவெடுத்திட்டினம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ஏலவில்லை.

"ஓம், மாமா."

தலையை ஆட்டினார். நான் மற்றதையும் சொல்லிவிட்டேன். "அடுத்த வருசம் பாப்பமெண்டு சொன்னவர்."

மாமா நிமிர்ந்தார். "அப்பிடியே சொன்னவர்?"

"ஓம்."

ஹோம் ஒஃபிஸ் கடிதம் வந்தது. நான் வாசித்திருந்தபடியேதான் எழுதியிருந்தார்கள், மரியாதையாக. ஆன்ட்ரிஸ் அவகாசம் முடியும்வரை நிற்கவில்லை. அவன் வெளிக்கிட்ட நாள் மத்தியானம் மாமா புட்டு அவித்திருந்தார். பாலும் சீனியும் பக்கத்தில். ஆன்ட்ரிஸ் பையோடு குசினி வாசலில் நின்று கோப்பையைப் பார்த்தான்.

"இன்றைக்கு மாட்ச் இல்லை, மாமா," என்றான்.

அவன் அதைக் கோபத்தில் சொன்னானா, துக்கத்தில் சொன்னானா, சும்மா சொன்னானா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாமாவைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போனான். மாமா கோப்பையை மூடியால் மூடினார். அதை அன்று ஒருவரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு சில குளிர்காலங்கள் போய்விட்டன. ரிங்க் இருந்த இடத்தில் இப்போது வீட்டுச் சாமான்களை வாடகைக்குப் பூட்டி வைக்கும் களஞ்சியம். ஆன்ட்ரிஸ் தன் ஊரில் மர ஆலை ஒன்றில் வேலை செய்கிறான். எனக்கு எப்போதாவது எழுதுவான். பாதிச் சீசன் விளையாடாமல் விட்ட கோல்கீப்பரை அடுத்த சீசன் ஒருவரும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த சீசன் கேட்கவும் இல்லை. காலுறைகளை விற்றுவிட்டதாகப் போன வருடம் எழுதினான். அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைக்கிறேன்.

இலை கொட்டத் தொடங்கினால் புதிய சீசன் வந்துவிட்டது என்று மாமாவுக்குத் தெரியும். போன கிழமையும் வந்து பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, அந்த வடக்குக் கிளப்பில இந்த முறை ஆர் விளையாடினமெண்டு ஒருக்காப் பார்."

போனை எடுத்து அவர்களுடைய பக்கத்தைத் திறந்தேன். வீரர்களின் படங்கள் வரிசையாக வந்தன.

"இருக்கிறானோ?"

"இல்லை மாமா."

"மற்றக் கிளப்புகளிலயும் பாத்தனியோ?"

"பாத்தனான்."

மாமா மேசையில் கிடந்த என் கண்ணாடியை எடுத்து, தன் சேர்ட் நுனியால் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"இதைப் போட்டுக்கொண்டு வடிவாப் பார் பிள்ளை."

போட்டுக்கொண்டு முதலாவது படத்திலிருந்து மறுபடி பார்த்தேன்.